ஈரப் பாதை

அருணகிரியின் பங்களாவில் சாதி பார்த்துத்தான் தலைவாசல் திறக்கும். தோட்டத்தில் கான்கிரீட் பாதை போட வந்த பேச்சித்தாயிடம் அவர் சொன்னார்: "பாதையிலயும் ரோஜாப் பாத்தியிலயும் உன் கால் படக்கூடாது. உங்க ஆளுக மிதிச்சதுல நான் நடக்க மாட்டேன்."

"சரிங்கய்யா."

அவள் தெருக் கேட்டின் அருகே பாதை வார்க்கும் அச்சை வைத்தாள். கலவையை நிரப்பி வழித்து, அச்சைத் தூக்கி வீட்டுப் பக்கமாகப் பின்னால் வைத்தாள். போட்டதை மிதிக்காமல் பின்னாலேயே நகர்ந்தவள், பொழுது சாயும்போது பங்களாவின் வாசற்படியில் ஏறி நின்றாள். இருபுறமும் ரோஜா, எதிரே ஈரப் பாதை.

உள்ளிருந்து விருந்தாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"அய்யா, நான் வீட்டுக்குப் போகணும். இதுல நடந்தா என் பாதம் காலத்துக்கும் பதிஞ்சு கெடக்கும். எப்படிப் போகட்டும்?"

அருணகிரி பாதையையே பார்த்தார். பிறகு கதவோரம் ஒதுங்கினார்.

சிமெண்டுக் காலோடு பேச்சித்தாய் நடுக்கூடத்தின் வழியே பின்வாசலுக்கு நிதானமாக நடந்து போனாள்.