குளத்துக்கு வந்த புதர்க்காட்டுப் பாடம்

காட்டின் நடுவே இருந்த ஆம்பல் குளத்தில் முக்குளிப்பான் ஒன்று குஞ்சுகளுக்குப் பள்ளி நடத்தி வந்தது. தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழும் சின்னப் பறவை அது. பருந்திடமிருந்து தப்புவதுதான் அங்கே முதல் பாடம்.

அந்தப் பாடம் குஞ்சுகளின் மண்டையில் ஏறவே இல்லை. மேலே நிழல் தெரிந்தால் கத்திக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. மூழ்க வேண்டும் என்பதே மறந்துபோனது.

காட்டு விலங்குகளுக்கும் இணையம் இருந்தது. வகுப்பில் செய்து பார்த்ததை ஆசிரியர்கள் எழுதிப் போட அதில் ஒரு தளம் உண்டு. முக்குளிப்பான் அங்கே தேடியது. தூரத்துப் புதர்க்காட்டில் பாடம் நடத்தும் கௌதாரி ஒரு விளையாட்டைப் போட்டிருந்தது. “நிழல் விழுந்தால் கல்லாகு. அசைந்தவர் அவுட். என் குஞ்சுகள் சீக்கிரமே கற்றுக்கொண்டன.” கீழே ஏகப்பட்ட பாராட்டுகள்.

மறுநாளே முக்குளிப்பான் அந்த விளையாட்டைத் தொடங்கியது. அது இறக்கையை விரித்து நிழல் காட்டினால் போதும், குஞ்சுகள் அப்படியே நின்றன.

ஒரு நண்பகலில் உண்மையான நிழல் விழுந்தது.

குஞ்சுகள் கல்லாயின. வெயில் பளபளக்கும் வெட்டவெளித் தண்ணீரில் கறுப்புக் கறுப்பாக மிதந்தன.

முக்குளிப்பானுக்கு அப்போதுதான் உறைத்தது. கௌதாரிக் குஞ்சு மண் நிறம். புதருக்குள் அசையாமல் இருந்தால் யார் கண்ணிலும் படாது. இங்கே ஒளிய என்ன இருக்கிறது?

“மூழ்குங்கள்! எல்லோரும் மூழ்குங்கள்!”

ஒன்றும் அசையவில்லை. டீச்சர் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டன.

பருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு பாய்ந்தது. முக்குளிப்பான் நடுவில் புகுந்து, ஒவ்வொரு குஞ்சின் தலையையும் அலகால் தண்ணீருக்குள் அமுக்கியது. கடைசிக் குஞ்சை அமுக்கும்போது பருந்தின் நகம் முக்குளிப்பானின் முதுகைக் கிழித்தது. அதுவும் மூழ்கியது.

கரையோரக் கோரைப் புல்லுக்குள் எல்லாம் வந்து எழுந்தன. ஒன்றும் குறையவில்லை. சின்னக் குஞ்சு நடுங்கிக்கொண்டே கேட்டது. “நான் அசைந்துவிட்டேனே டீச்சர், நான் அவுட்டா?”

முக்குளிப்பான் அதைத் தன் இறக்கைக்குள் அணைத்துக்கொண்டது.

பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் நாமக்கோழி வந்து பார்த்தது. “இதைப் போய்த் தளத்தில் எழுதிவிடாதீர்கள் டீச்சர். உங்கள் பெயர்தான் கெடும்.”

முக்குளிப்பானும் தயங்கியது. சும்மா இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் தளத்தைத் திறந்தது. விளையாட்டின் கீழே புதிதாக ஒரு வரி. ஏதோ ஓர் ஏரியில் பாடம் நடத்தும் வாத்து எழுதியிருந்தது. “அருமை. நாளைக் காலையே என் குஞ்சுகளுக்குச் சொல்லித்தருகிறேன்.”

முதுகு எரிய எரிய முக்குளிப்பான் எழுதியது. “வேண்டாம். இது புதருக்குத்தான் சரி. நான் யோசிக்காமல் தண்ணீரில் சொல்லித்தந்தேன். என் குஞ்சுகள் சாகப் பார்த்தன.”

பதில் இல்லை. பொழுது சாய்ந்தது. முக்குளிப்பான் இரை தேடக்கூடப் போகவில்லை.

முதலில் கௌதாரியின் பதில் வந்தது. “எந்த இடத்துக்கு என்று நான் சொல்லியிருக்க வேண்டும் டீச்சர். இப்போதே சேர்க்கிறேன். தண்ணீரில் இருப்பவர்களுக்கு ‘நிழல் விழுந்தால் மூழ்கு’ என்று மாற்றலாமா?”

கொஞ்ச நேரம் கழித்து வாத்தும் எழுதியது. “நல்லவேளை, பார்த்துவிட்டேன். மூழ்கும் விளையாட்டையே சொல்லித்தருகிறேன்.”

பிறர் வகுப்பில் பலித்த யோசனையை நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று பார்த்து எடுக்க வேண்டும். நம் வகுப்பில் தவறிப்போனதையும் மறைக்காமல் பகிர வேண்டும்.