படங்கள்: இணையம்

மூன்று பேர் சேர்ந்து ஒரு தப்புச் செய்தார்கள். பிறகு ஆளுக்கொரு விதமாக அதைச் சரிசெய்தார்கள். அதில் யார் செய்தது சரி என்பதுதான் புதிர். மூவரில் ஒருத்தி நான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்தால் கதை சுவையாக இருக்கும்தான். ஆனால் நான் மறைத்ததெல்லாம் போதும்.

என் பெயர் சற்குணவதி, அறிவியல் ஆசிரியை. ஆறாம் வகுப்புக்கு இணையவழிப் பாடம் தயாரிக்கும் ஒரு குழுவில் எழுதுவது என் வேலை. பக்கங்களை வடிவமைப்பவர் தமீம். எங்களுக்கு மேலே ஒருங்கிணைப்பாளர் ஞானசேகரன் சார்.

கடலோர உயிர்கள் பாடத்துக்கு இணையத்தில் ஒரு படம் தேடிக்கொண்டிருந்தேன். பழைய சங்கை விட்டுப் புதுச் சங்குக்குள் நுழையும் துறவி நண்டு, பாதி உடம்பு வெளியே தெரிய, அப்படியே அகப்பட்டது. எடுத்தவர் பனிமயதாசன், தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனித் தொழிலாளி. படத்தின் கீழே அவரே எழுதியிருந்தார்: "யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். என் பெயரை மட்டும் படத்தோடு போடுங்கள்." அதை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சாதிக்க எனக்கு வழியில்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. படத்துக்குப் படம் பெயர் போட்டால் பக்கம் அழகாக இல்லை என்று, பாடத்தின் கடைசியில் "படங்கள்: இணையம். நன்றி" என்று மொத்தமாக ஒரு வரி போட்டுவிடுவோம். கல்யாணப் பத்திரிகையில் பெற்றவர்கள் பெயரை விட்டுவிட்டு, "அழைப்பது: ஊர்" என்று அச்சடிப்பது போலத்தான் இது. ஆறு வருஷமாக எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"இது யாரு படம் டீச்சர்?" என்று தமீம் கேட்டார்.

"நெட்ல எடுத்ததுதான்," என்றேன்.

அவர் வழக்கம்போல மூலையில் எங்கள் குழுவின் முத்திரையைப் பதித்தார். சார் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று ஒப்புதல் கொடுத்தார்.

சில மாதங்களில் பனிமயதாசனுக்கு ஒரு கடல் காட்சியகத்திலிருந்து அழைப்பு வந்தது, புகைப்படக்காரர் வேலைக்கு. பத்தாவது வரை படித்தவரை அவருடைய படங்களுக்காகவே கூப்பிட்டிருந்தார்கள். நண்டுப் படத்தைக் கண்டதும் தேர்வாளர் ஒருவர், "இது ஆன்லைன் பாடத்துல பார்த்த படமாச்சே, அதுல வேற முத்திரை இருக்கே!" என்றாராம். தன் இணையப் பக்கத்தை இவர் காட்டினார். அங்கே யாரும் எதையும் ஏற்றலாமே என்றார்கள். மூலப் படம் இருந்த போனோ எப்போதோ கடலில் விழுந்து போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை பனிமயதாசன் எங்களுக்கு எழுதினார்: "நான் அடுத்தவங்க படத்தைத் திருடிட்டேன்னு நினைக்காங்க. படம் யாருதுன்னு பாடம் செஞ்ச நீங்களே அவங்களுக்கு எழுதித் தரணுமாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க."

தமீம் ஒரு மணி நேரத்தில், யாரிடமும் மூச்சு விடாமல், பாடத்தில் படத்தின் கீழே பனிமயதாசன் பெயரைச் சேர்த்தார்.

புதன்கிழமை சார் பதறிப்போனார். "கேஸு கீஸுன்னு வந்தா யாருப்பா அலையுறது? படத்தையே தூக்கிடு!" படம் போய், அந்த இடத்தில் ஒரு நண்டு ஓவியம் வந்தது. மாற்றிக்கொடுத்ததும் தமீம்தான்.

அன்று மாலை நான் பனிமயதாசனுக்குப் போன் செய்தேன். "தப்பு என்னுதுதான், மன்னிச்சிருங்க" என்று அழுதேன், நிஜமாகவே அழுதேன்.

"அழாதிய டீச்சர், பரவால்ல," என்றார். பிறகு தயங்கி, "அந்த லெட்டரு..." என்றார்.

"சார்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டேன். எழுதினால் என் கையெழுத்தோடு அது என்றைக்கும் நிற்கும் என்ற பயம். வியாழக்கிழமை முழுவதும் அந்தப் பயத்திலேயே கழிந்தது.

வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் முன்னால், பாடத்தில் தன் பெயர் இருப்பதைக் காட்டப் பனிமயதாசன் போனைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை அவரே பார்த்த பெயர் இல்லை. படமும் இல்லை. ஓவிய நண்டு ஒன்று எங்கள் முத்திரையோடு இருந்தது. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

இப்போது சொல்லுங்கள். தமீம் பெயரைச் சேர்த்தார். சார் படத்தை நீக்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன். இதில் யார் செய்தது சரி?

விடை: தமீம் என்று பலர் சொல்வீர்கள். அவர் கிட்டத்தில் வந்தவர்தான். ஆனால் அதற்கு முந்தின நாள்வரை அந்தப் பெயர் அங்கே இல்லை என்பதை அவரும் வெளியே சொல்லவில்லை. ஆகவே ஒருவர் செய்ததும் சரியில்லை. பனிமயதாசன் கேட்டது தேர்வாளர்களுக்கு ஒரு கடிதம். மூவரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தோம். படத்தின் கீழே அவர் பெயரை முதலிலேயே கண்ணால் பார்த்திருந்தவள் நான் ஒருத்திதான், எழுத வேண்டியவளும் நான்தான். எழுதினேன், பதினொரு நாள் கழித்து. ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பினேன். பதில் வந்தது: "லெட்டர் கெடச்சுது டீச்சர். எம் மகளும் ஆறாங்கிளாஸ்தான், உங்க பாடத்தைத்தான் படிக்கா. அவகிட்ட காட்டினேன். அப்பா பொய் சொல்லலன்னு இப்பத்தான் நம்புதா."