ஊதிவிட்டு உட்காருங்கள்

"என் தங்கச்சி பேரை எந்தப் பாதியில எழுதட்டும்மா?" என்று கேட்டார் ஒனுஃப்ரி.

அவர் கையில் ஒரு சின்ன நோட்டு. முன்பாதியில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்கள். பின்பாதியில் செத்துப்போனவர்களின் பெயர்கள். பிரேசிலுக்குக் கப்பலேறி வந்து குடியேறிய அந்த ஊர் உக்ரைன்காரர்கள் வீட்டில் பானை சட்டி இல்லாமல் போனாலும் போகும், இந்த நோட்டு இல்லாமல் போகாது. மாதா கோயிலில் இதைப் பார்த்துத்தான் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்வார்கள்.

பெயர்களை வாசிக்கிறவள் தெயோஃபிலா. வயது நாற்பதுதான். ஒனுஃப்ரிக்கு எழுபதாகப் போகிறது. ஆனாலும் மூன்று வருஷமாக அவளுக்குத்தான் இவர் சீடர். சொர்க்கம் எங்கே, நரகம் எங்கே என்று பெரிய பெரிய கேள்வியாகக் கேட்டுக் குடைவார். நிஜமாகக் கேட்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டார்.

"தங்கச்சி இருக்காங்களா, இல்லையா?"

"அதுதானே தெரியலை. எங்கப்பா ரெண்டு பாதியிலயும் எழுதாமலே போய்ச் சேர்ந்துட்டார்."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

ஒனுஃப்ரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் நிலையம். அவருக்கு ஒன்பது வயது, மெலானியாவுக்கு ஐந்து. அவள் கை இவருடைய வலது கையில் இருந்தது. நகர்ந்துகொண்டிருந்த ரயிலிலிருந்து ஒரு சிப்பாய் ரொட்டியை வீசினான்.

"எட்டிப் பிடிக்கக் கையை விட்டேம்மா. ரொட்டி கிடைச்சுது. திரும்பிப் பார்த்தா அவ இல்லை."

ஒனுஃப்ரி மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"யாராவது எடுத்து வளர்த்திருப்பாங்க. கல்யாணமாகி, பேரன் பேத்தி பார்த்து, இப்போ கிழவியா இருப்பா. அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். உயிரோட இருக்கிறவளைச் செத்தவங்களோட எழுதினா பாவம் இல்லையா?"

"செத்தவளை உயிரோட இருக்கிறவங்களோட எழுதினா?"

ஒனுஃப்ரி நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரி பெரியவரே. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் பெஞ்சை ஊதிட்டுத்தானே உட்காருறீங்க?"

அது அவர்கள் கொண்டுவந்த வழக்கம். அன்றைய விருந்துக்குச் செத்தவர்களும் வருவார்களாம். கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் மடியிலேயே போய் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று, உட்காருவதற்கு முன் பெஞ்சை ஊதுவார்கள்.

"ஊதாம இருப்பேனா? அடுப்பு ஊதுற மாதிரி ஊதுவேன். அறுபது வருஷத்துல ஒரு தடவைகூட விட்டதில்லை."

"எதுக்கு அவ்வளவு பலமா?"

"பயம்தான். நிஜமாவே யாராவது இருந்துட்டா?"

"இந்த வருஷம் நம்ம வீட்டுக்கு வாங்க. நோட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் தெயோஃபிலா.

*

பிரேசிலில் டிசம்பர் என்றால் கோடை. பனியில் பிறந்த பண்டிகையை இந்த ஜனங்கள் வேர்த்து விறுவிறுத்துத்தான் கொண்டாடுவார்கள். முதல் நட்சத்திரம் கண்ணில் பட்ட பிறகுதான் சாப்பாடு. கோடையில் அது லேசில் வராது. ஒனுஃப்ரி நாலு தரம் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மேசையில் மூன்று தட்டுகள்.

"மூணாவது யாருக்கும்மா?"

"வர்றவங்களுக்கு."

நட்சத்திரம் வந்தது. அதுவரை அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றது. வயலில் கத்திக்கொண்டிருந்த தவளைகளும் ஏனோ ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

மேசைத் துணிக்கு அடியில் வைக்கோல் பரப்புவதும் வழக்கம். அதை உதறியதில் பெஞ்சு முழுக்கத் தூசி. ஒனுஃப்ரி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"மெதுவா" என்றாள் தெயோஃபிலா. "கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்றோம். துரத்தலை."

இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. வருஷா வருஷம் கடல் தாண்டி வந்தவளையா ஊதி ஊதி விரட்டினேன்?

குனிந்தார். பிள்ளையின் அடிபட்ட முழங்காலை ஊதுவது போல ஊதினார்.

தூசி பறந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பெஞ்சு துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. மூன்றாவது தட்டுக்கு நேராக ஓரிடத்தில் மட்டும் தூசி அசையவில்லை.

இன்னொரு தரம் ஊதினார். அசையவில்லை.

கிழவி உட்காருகிற இடம் இல்லை அது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போதும்.

அறுபது வருஷமாக அவர் மனத்துக்குள் வளர்த்து, கல்யாணம் செய்துவைத்து, பேரன் பேத்தி எடுக்கவைத்த மெலானியா அந்த நிமிஷம் செத்துப்போனாள். ஒனுஃப்ரி சத்தம் போட்டு அழுதார். தெயோஃபிலா தடுக்கவில்லை.

அழுது முடித்து, அந்த இடம் தன் வலப்பக்கம் இருக்கும்படி ஒட்டி உட்கார்ந்தார். வலது கையை அதன்மேல் வைத்தார். வெளியே அத்தனை வெக்கை, கை மட்டும் சில்லிட்டது. விரல்கள் மெல்ல மடங்கின, உள்ளே எதையோ பிடித்துக்கொண்ட மாதிரி.

தெயோஃபிலா எதிர்ப்பக்கம் நின்று ரொட்டியைப் பிட்டாள். ஒரு துண்டை அவருக்கு நீட்டினாள். கைக்கெட்டும் தூரத்தில் நீட்டவில்லை. எழுந்து எட்டினால்தான் கிடைக்கும்.

ஒனுஃப்ரி காலையிலிருந்து பட்டினி. ரொட்டியைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"ரொட்டி, பெரியவரே."

"தெரியுதும்மா."

கை பெஞ்சிலேயே இருந்தது.

அவள் சற்று நேரம் நீட்டியபடியே நின்றாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து அந்தத் துண்டை மூன்றாவது தட்டில் வைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பின்பாதியைத் திருப்பி, பேனாவைத் திறந்தாள்.

"எழுதிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் ஒனுஃப்ரி. "அவ சாப்பிட்டு முடிக்கட்டும்."