நாரை என்ன சொன்னது?

ஒரு காட்டில் குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, குழந்தைகளே. அதைப் பற்றிப் பேசுகிற வாய்களுக்கு மட்டும் குறைவே இல்லை.

கோடை வந்தது. குளம் சுருங்கியது. தண்ணீரின் மேல் பச்சைப் பாசி ஏடு ஏடாக மிதந்தது. ஒருநாள் அந்தத் தண்ணீரைக் குடித்த காட்டுப்பன்றி ஒன்று, கரையேறுவதற்குள் கால் தள்ளாடி விழுந்து செத்தது. அடுத்த வாரம் இரண்டு புள்ளிமான்கள் செத்தன. அதற்கடுத்த வாரம் ஒரு காட்டெருமைக் கிடேரி.

"ஐயோ பாவம்" என்றன எல்லா விலங்குகளும். ஏன் செத்தன என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அந்தக் குளத்தில் ஒரு நாரை இருந்தது. பொறுமைக்குப் பேர்போனது. "இது என்ன நோய் என்று பார்த்துவிடுவோம்" என்று அது தண்ணீரில் நின்றது. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, நாற்பது நாள். யார் எந்தக் கரையில் குடித்தார்கள், யார் விழுந்தார்கள், அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது, பாசி எங்கே போய் ஒதுங்கியது என்று எல்லாவற்றையும் மனத்தில் குறித்துக்கொண்டது.

நாற்பத்தோராம் நாள் காலையில் அதற்கு விடை கிடைத்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் மருத மரத்தை நோக்கிப் பறந்தது.

குளத்தருகே இருந்த அந்த மருத மரத்தடியில்தான் காடே தினமும் கூடும். யாராவது ஒரு செய்தியைச் சொல்வார்கள். மற்றவர்கள் கிளையில் இருந்தும் தரையில் இருந்தும் கருத்துச் சொல்வார்கள். செய்தியைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். கருத்துச் சொல்லி முடிக்க ஒரு பகல் ஆகும்.

"எல்லோரும் கேளுங்கள்" என்றது நாரை. "குளத்துத் தண்ணீரில்..."

"குளத்துத் தண்ணீரில் தண்ணீர் இருக்கிறதாம்!" என்று கத்தியது குரங்கு. அதற்கு எதைக் கேட்டாலும் கேலிதான். மரமே குலுங்கிச் சிரித்தது.

சிரிப்பு அடங்கும் வரை நாரை காத்திருந்தது. "குளத்துப் பாசியில் நஞ்சு இருக்கிறது. காற்று எந்தக் கரைக்குப் பாசியை ஒதுக்குகிறதோ, அந்தக் கரையில் குடிக்காதீர்கள். எதிர்க்கரையில் குடியுங்கள். இப்போது மேல்காற்று அடிக்கிறது. அதனால் பாசி கிழக்கே ஒதுங்குகிறது. காற்று திரும்பினால்..."

"இரு, இரு" என்று குறுக்கே வந்தது நரி. யார் என்ன சொன்னாலும் அதற்குள் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்பது நரியின் எண்ணம். "நாற்பது நாளாகக் குளத்தில் நின்றாயே, நோயைப் பார்க்கவா நின்றாய்? மீன் பிடிக்கத்தானே நின்றாய்?"

"மீனும் பிடித்தேன். பசிக்காதா?"

"ஒத்துக்கொண்டது! கேட்டீர்களா, ஒத்துக்கொண்டது!" என்று நரி நாலாபக்கமும் திரும்பிச் சொன்னது.

கிழட்டுக் காட்டெருமை கனைத்தது. தன் கூட்டத்தைத் தவிர வேறெதையும் அது நம்பாது. "ஏழு தலைமுறையாக நாங்கள் இந்தக் குளத்தில்தான் குடிக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை."

"போன வாரம்கூட உங்கள் கிடேரி இன்னொன்று கரையிலேயே விழுந்து செத்ததே, ஐயா?"

"அதற்கு முன்பே உடம்பு சரியில்லை."

"செத்த அன்று காலையில்தான் என்னை அது குளத்தைச் சுற்றித் துரத்தியது!"

"அதனால்தான் களைத்துப்போய்ச் செத்திருக்கும்" என்றது காட்டெருமை.

நாரை ஒற்றைக் காலை மாற்றி வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது.

"அது இருக்கட்டும்" என்றது நரி. "காற்று அடித்தால் தண்ணீர் கெட்டுவிடுமா? அப்படியென்றால் நாம் மூச்சு விடுவதையும் நிறுத்திவிடலாமா?"

"காற்றால் தண்ணீர் கெடவில்லை. காற்று பாசியைத் தள்ளுகிறது. பாசிதான்..."

"பார்த்தீர்களா, பேச்சை மாற்றுகிறது!"

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! நாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று ஒரு கிளையில் பேச்சு எழுந்தது. இன்னொரு கால் தூங்குகிறது என்றது குரங்கு. இல்லை, அது திமிர் என்றது நரி. இரண்டுக்கும் அதில் சண்டை மூண்டது. காட்டெருமை தன் பாட்டனார் காலத்துப் பெருமழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. உச்சிவேளை ஆனபோது, குளத்தைப் பற்றிப் பேச அந்த மரத்தடியில் ஒருவரும் இல்லை.

ஒருவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் கிளியார். எவ்வளவு நீளமான செய்தியையும் நாலே சொல்லில் சொல்லிவிட்டுப் பறப்பதில் கிளிக்கு நிகர் கிடையாது.

"கிழக்குக் கரை கெட்டது! மேற்குக் கரை நல்லது!" என்று கிளி காடு முழுக்கக் கூவிக்கொண்டு போனது.

நாரை பதறிப்போய்ப் பின்னால் பறந்தது. "கிளியே! அது பாதிதான்! காற்று திரும்பினால் கரையும் மாறும். அதையும் சேர்த்துச் சொல்!"

"அவ்வளவு நீளமாகச் சொன்னால் யார் கேட்பார்கள், அக்கா?" என்று சொல்லிவிட்டுக் கிளி அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.

அன்று மாலை ஒரு கடமான் அங்கே வந்தது. காலில் முள் தைத்திருந்ததால் காலைக் கூட்டத்துக்கு அதனால் வர முடியவில்லை. மரத்தடியில் ஒரே சத்தமாக இருப்பதைப் பார்த்து, "நாரை ஏதோ கண்டுபிடித்ததாமே, என்ன சொன்னது?" என்று கேட்டது.

"அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்றது குரங்கு.

"சரி, என்ன சொன்னது?"

"நாமெல்லாம் தண்ணீரே குடிக்கக் கூடாதாம்" என்றது காட்டெருமை.

"குளம் முழுவதும் தனக்கே வேண்டுமாம். வேறென்ன?" என்றது நரி.

"அப்படியா சொன்னது? நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்களா, அண்ணே?"

"முழுதாக நான் எங்கே கேட்டேன்?" என்றது நரி. "ஆனால் அது தப்பு என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்."

கடமான் நொண்டிக்கொண்டே குளத்துக்குப் போனது. நாரை பாறை மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நீயும் கருத்துச் சொல்லத்தான் வந்தாயா?" என்று சீறியது.

"இல்லை அக்கா. கேட்க வந்தேன்."

காலையில் இருந்து நாரையிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இறங்கி வந்து, ஓர் இலையைக் கொத்தித் தண்ணீரில் போட்டது. இலை மெல்லக் கிழக்கே நகர்ந்தது.

"இலை போகிற பக்கம்தான் பாசியும் போகும். அந்தப் பக்கம் குடிக்காதே. அவ்வளவுதான். இந்த நாற்பது நாளில் பதினோரு நாள் காற்று திரும்பி அடித்தது. அந்த நாட்களில் மேற்குக் கரையில் குடித்தவைதான் விழுந்தன."

கடமான் இலையையே பார்த்தது. "காற்றே இல்லாத நாளில்?"

"தெரியாது" என்றது நாரை. "அப்படி ஒரு நாள் இன்னும் வரவில்லை. வந்தால் பார்த்துச் சொல்கிறேன்."

புதருக்குள் இருந்து நரி தலையை நீட்டியது. "தெரியாதாம்! அதன் வாயாலேயே சொல்லிவிட்டது, தெரியாதாம்!" என்று கத்திக்கொண்டே மரத்தடியைப் பார்த்து ஓடியது.

நாரை இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது. "இனி இந்தக் காட்டில் நான் வாயே திறக்கப்போவதில்லை. எப்படியோ போகட்டும்" என்றது.

கிளி கூவியதைக் கேட்டு எல்லா விலங்குகளும் மேற்குக் கரைக்கே போகத் தொடங்கின. மேல்காற்று தொடர்ந்து அடித்தது. பத்து நாள் ஒருவரும் விழவில்லை. "மேற்குக் கரைத் தண்ணீர் தித்திக்கும் என்று என் பாட்டனார் அப்போதே சொல்லியிருக்கிறார்" என்று காட்டெருமை சொல்ல ஆரம்பித்தது. நரியோ, அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல நடந்துகொண்டது.

பதினோராம் நாள் விடியும்போது காற்று திரும்பியது.

கீழ்க்காற்று விர்ரென்று அடித்தது. பாறை மேல் இருந்த நாரை பார்த்துக்கொண்டே இருந்தது. குளத்துப் பாசி மொத்தமும் மேற்குக் கரையில் வந்து கஞ்சி ஆடைபோலத் திரண்டு நின்றது. சரிவில் காட்டெருமைக் கூட்டம் கன்றுகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நரி. நரியின் பின்னால் இரண்டு முயல்கள்.

வாயே திறப்பதில்லை என்று சொன்ன நாரைக்கு அந்தக் கன்றுகளைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. ஒரே பாய்ச்சலாகப் பறந்து வந்தது.

"நில்லுங்கள்! இன்று இங்கே குடிக்காதீர்கள்! கிழக்குக் கரைக்குப் போங்கள்!"

"இதென்னடா கூத்து!" என்றது மரக்கிளையில் இருந்த குரங்கு. "இன்று கிழக்கு, நாளைக்கு வடக்கா?"

"அன்றைக்குக் கிழக்குக் கரை கெட்டது என்றாய். இன்றைக்கு மேற்கு கெட்டது என்கிறாய். ஒரு பேச்சில் நிற்க மாட்டாயா?" என்றது நரி.

"காற்று திரும்பினால் கரை மாறும் என்று அன்றைக்கே சொன்னேனே!"

"எங்கே சொன்னாய்? நாங்கள் ஒருவரும் கேட்கவில்லையே!"

"நீங்கள் கேட்டால்தானே!" என்று கத்தியது நாரை.

"இதோ பார், எனக்கு என்ன ஆகிறது என்று" என்றது நரி. பாசியை மூக்கால் விலக்கிவிட்டு மடக் மடக்கென்று குடித்தது. நரியே குடிக்கிறதே என்று முயல்களும் குனிந்து குடித்தன.

காட்டெருமை முன்னால் வந்தது. அதற்குள் கடமான் அவசரமாக நொண்டி வந்து வழியை மறித்துக் குறுக்கே நின்றது.

"விலகு. கன்றுகளுக்குத் தாகம்" என்றது காட்டெருமை.

"ஐயா, நீங்கள் நாரையை நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம்" என்றது கடமான். "நரி குடித்திருக்கிறது. வெயில் அந்தப் பாறையைத் தொடும் வரை பொறுங்கள். அதுவரைக்கும் நரி நின்றுகொண்டிருந்தால் நானே விலகிக்கொள்கிறேன். நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம்."

காட்டெருமை நரியைப் பார்த்தது. கன்றுகளைப் பார்த்தது. "சரி" என்று உறுமியது.

"தாராளமாகப் பாருங்கள்" என்று நரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. வாலை ஆட்டிக் காட்டியது. இரண்டு தரம் குதித்தும் காட்டியது. மூன்றாம் தரம் குதித்தபோது பின்னங்கால் மடங்கியது.

"வழுக்கிவிட்டது" என்றது நரி.

எழுந்து நின்றது. மறுபடி விழுந்தது. வாயில் நுரை தள்ளியது. "வழு... வழுக்கி..." என்றது. அதற்குமேல் பேச்சு வரவில்லை.

வெயில் இன்னும் பாறையைத் தொடவில்லை. முயல்கள் இரண்டும் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவை பிறகு எழுந்திருக்கவே இல்லை.

குரங்குக்குக் கேலி வரவில்லை. காட்டெருமை திரும்பியது. கன்றுகளை முன்னால் விட்டு, குளத்தைச் சுற்றிக் கிழக்குக் கரைக்கு நடந்தது. அங்கே தண்ணீர் பளிங்குபோல இருந்தது. கன்றுகள் வயிறு முட்டக் குடித்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நரியைக் கடமான் கொம்பால் மெல்லப் புரட்டி நிழலுக்குக் கொண்டுவந்தது. நாரை கிழக்குக் கரையில் இருந்து அலகில் தண்ணீர் கொண்டுவந்து கொண்டுவந்து அதன் வாயில் விட்டது. மூன்று நாள் அப்படியே கழிந்தது. நான்காம் நாள் நரி கண்ணைத் திறந்தது.

முதலில் நாரையைப் பார்த்தது. பிறகு ஈனக் குரலில், "இதை நீ இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்" என்றது.

நாரை அலகில் மிச்சமிருந்த தண்ணீரையும் அதன் வாயில் விட்டுவிட்டு நகர்ந்துகொண்டது. வேறென்ன செய்யும், சொல்லுங்கள்!

அந்த நேரம் பார்த்துத்தானா கிளி மேலே பறந்துபோக வேண்டும்! நரியின் வாயில் நாரை எதையோ ஊற்றுவதைக் கண்டதும் அதற்கு நாலு சொல் கிடைத்துவிட்டது. நேராக மருத மரத்துக்குப் போனது.

"நரிக்கு நஞ்சு ஊற்றியது நாரை! நரிக்கு நஞ்சு ஊற்றியது நாரை!"

"அப்படியா!" என்று கிளைகள் சலசலத்தன. "நான் அப்போதே நினைத்தேன்" என்றது ஒரு குரல். "அதன் மூக்கைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்றது இன்னொரு குரல். குரங்கு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"காட்டெருமை ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டது கிளி.

காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குளக்கரைக்கு நடந்தது. நாரையின் முன்னால் போய் முழங்கால் மடித்துப் படுத்துக்கொண்டது.

"அம்மா, என்ன நடந்தது? முதலில் இருந்து சொல்லுங்கள்" என்றது.

நாரை சொன்னது. சொல்லி முடிக்கும் வரை காட்டெருமை வாயைத் திறக்கவில்லை.

நீதி: ஒரு செய்தியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன், அந்தச் செய்தி என்னவென்று முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.