நீதிபதி நாற்காலி

இப்போது ஏழு மாடியாக நிற்கும் எங்கள் சட்டக் கல்லூரி அன்று ஒரே தகரக் கொட்டகை. முதல்வர் வேதநாயகம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மாதிரி நீதிமன்றத்தில் தோற்றால் பரீட்சை எழுத விடமாட்டார்.

அன்று கண்டக்டர் மகள் செண்பகவல்லியின் முறை. எதிர்த்தரப்பில் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன்; நீதிபதி நாற்காலியில் முதல்வர்.

"வாதத்தை ஆரம்பிம்மா."

"ஆட்சேபணை சார். எதிர்த்தரப்புக்கு வாதம் எழுதிக் கொடுத்ததே நீங்கதான். அவங்க வக்கீலே தீர்ப்பு சொல்லலாமா? கூடாதுன்னு போன வாரம் நீங்கதானே பாடம் நடத்தினீங்க?"

முதல்வர் எழுந்து, எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"அப்போ யார் தீர்ப்பு சொல்றது?"

"மணி அடிக்கிற மாசிலாமணி அண்ணன். அவர் எந்தப் பக்கமும் இல்லை."

இரு தரப்பையும் கேட்ட மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "தம்பி பேசினது ஐயா பேசற மாதிரியே இருந்துச்சு, ஒண்ணும் புரியலை. பாப்பா பேசினது புரிஞ்சுது."

முதல்வர் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.