துடுப்பில்லாத நீலப் படகு

முன்னொரு காலத்தில் கொற்றாழி என்று ஒரு துறைமுகம் இருந்தது. இப்போது தேடிப் போகாதீர்கள், கடல் தின்றுவிட்டது. அந்தத் துறைக்குக் கருவிழியன் என்கிற மந்திரவாதி, புத்தம் புதுப் படகில் ஒரு பீங்கான் கெண்டியோடு வந்து இறங்கினான்.

இங்கிலாந்தில் செய்த தேநீர்க் கெண்டி அது. வெள்ளை உடம்பில் நீல மையால் சீன தேசம்: ஒரு பாலம், ஒரு மரம், ஒரு படகு. வரைந்தவன் சீனாவைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. அதனால் குடை வீட்டைவிடப் பெரிசு, படகுக்குத் துடுப்பே இல்லை.

"மூன்று மடக்கு தேநீர், சிந்தாமல் குடிப்பவர் கேட்டதைத் தருவேன்" என்றான் கருவிழியன்.

துணி வியாபாரி வந்தான். கெண்டி மூக்கில் வாய் வைத்தான், உறிஞ்சினான், ஆளைக் காணோம். கெண்டியில் ஒரு நீல ஆள் கூடினான். பயில்வான் வந்தான். வாய் வைத்தான், உறிஞ்சினான், ஆளைக் காணோம். மூன்றாவதாகப் படகோட்டி சுடலை, புதுப் படகுக்கு ஆசைப்பட்டு வந்தான். அவனும் வாய் வைத்தான், உறிஞ்சினான், காணோம்.

மூன்று நாள் அழுகையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு அவன் மனைவி பேச்சி வந்தாள். கெண்டியை உற்றுப் பார்த்தாள். துடுப்பில்லாத படகில் நக அளவில் ஒரு நீல ஆள், தலைப்பாகையை இடப்பக்கம் முடிந்திருந்தான். ஊரில் அப்படி முடிகிறவன் அவள் புருஷன் ஒருத்தன்தான்.

"என் வீட்டுக்காரரை விட்டுடுங்க ஐயா."

"மூன்று மடக்கு குடி, அப்புறம் கேள். நாளைக்குப் படகெடுக்கிறேன், கெண்டியும் என்னோடு வரும்."

கெண்டி மூக்கில் வெற்றிலைச் சிவப்பாய் மூன்று உதட்டுக் கறை இருந்தது. மந்திரம் படித்தவன் பாத்திரம் கழுவப் படிக்கவில்லை. வாய் வைத்தவரைத்தான் இது பிடிக்கிறது என்று பேச்சிக்குப் புரிந்துபோயிற்று. அவள் பிறந்த வீட்டில் ஒன்பது பேருக்கு ஒரே செம்பு. எச்சில் பண்ணினால் முதுகில் ஒன்று விழும்.

மூடியை ஒரு விரலால் அழுத்திக்கொண்டாள். அண்ணாந்தாள். உதடு படாமல் ஊற்றினாள். தொண்டை வெந்தது, கண்ணில் நீர் வந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. முதல் மடக்கில் துணி வியாபாரி தரையில் வந்து விழுந்தான். இரண்டாம் மடக்கில் பயில்வான். மூன்றாம் மடக்கில் சுடலை, முழங்கைவரை ஈரமாக.

"இப்படி நடக்கவே நடக்காது. கெண்டி மூக்கில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று கருவிழியன் கெண்டியைப் பிடுங்கினான். வந்த கோபத்தில் தன் மந்திரமே அவனுக்கு மறந்துவிட்டது. அடைப்பை எடுக்க வாய் வைத்து ஊதினான். ஆளைக் காணோம்.

அவன் படகு கரையில் நின்றது. கேட்டதைத் தருவதாகச் சொன்ன வாக்கு இருக்கிறதே, அதற்குப் பேச்சி அந்தப் படகை எடுத்துக்கொண்டாள்.

சுடலை கெண்டியைத் திருப்பிப் பார்த்தான். நீல மந்திரவாதி இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"பாவம் பேச்சி. ஒரு துடுப்பு வரைஞ்சு கொடுத்துடலாமா?"

"நீங்க எத்தனை நாள் கையால தள்ளினீங்க?"

"மூணு நாள்."

"அவரும் மூணு நாள் தள்ளட்டும். அப்புறம் யோசிக்கலாம்" என்று அவள் கெண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாளாம். கதை ஆச்சு, உங்கள் தேநீரும் ஆறியிருக்கும். எதற்கும் உதடு படாமலே குடியுங்கள்.