மகாராஜாவின் பட்டு மேஜோடு

மஞ்சிமலைச் சமஸ்தானம் ரொம்பப் பெரியது. காலையில் குதிரையைத் தட்டிவிட்டால், எல்லையைத் தாண்டுவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதை ஆண்ட சிங்கம நாயக்கர், தம்மை மகாராஜா என்றே எல்லோரும் கூப்பிட வேண்டும் என்பார்.

ஒரு நாள் சீமை வியாபாரி ஒருவன் ஒரு பெட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே விதவிதமான மேஜோடுகள். காலுக்கு உறை போடுவது என்பதே சபைக்குப் புதுசு. வியாபாரியின் பேச்சைத் தமிழில் சொல்ல வந்த துபாஷி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான்.

"இந்தத் தடித்த கம்பளி, குளிரில் தூங்கும்போது போட. முழங்கால் வரை வருகிறதே, இது வேட்டைக்கு. அட்டை கடிக்காது. இந்தக் குட்டை நூல், பூட்சுக்குள். கால் கொப்புளிக்காது. கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருப்பது, வார்ச்செருப்போடு நடக்க. இந்தப் பட்டு மட்டும் சபையில் கொலுவிருக்க. எதையும் ஒரு நாள் போட்டால் மறுநாள் துவைத்துவிட வேண்டும், மகாராஜா."

கடைசி விஷயம் ராஜா காதில் ஏறவில்லை. அதற்குள் பட்டை மாட்டிக்கொண்டு காலை நீட்டி ரசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆகா! பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் பாதமே எழுந்து வந்துவிட்டது!" என்றார் பிரதானி திருமலைக்கொழுந்து. வரி, படை, கோயில், களஞ்சியம், காடு என்று ஐந்து இலாகாவும் அவர் கையில் இருந்தன. ஐந்தும் இப்படிப் பேசிப் பிடித்தவைதான்.

போதாதா? மற்ற நாலு ஜோடியும் பெட்டியிலேயே கிடந்தன. பட்டு மேஜோடு மட்டும் ராஜா காலைவிட்டு இறங்கவில்லை. தூக்கத்திலும் அதுதான், வேட்டையிலும் அதுதான். "செருப்புதானே கூடாது?" என்று கோயிலுக்குள்ளும் அதோடுதான் போனார். குளிக்கும்போது காலை மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொள்வார்.

நாற்பது நாள் ஆயிற்று. சபையில் ஒரு வாடை கிளம்பியது. வாடை என்பது மரியாதைக்குச் சொல்வது. புலவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடியதில், வாழ்த்துப் பாட்டெல்லாம் ஒப்பாரி மாதிரி கேட்டது. சாமரம் வீசுகிறவள் இரண்டு முறை மயங்கி விழுந்தாள்.

ராஜாவுக்கே பொறுக்கவில்லை. "யாரிடமிருந்து இந்த நாற்றம்?" என்று கர்ஜித்தார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிரதானிக்கு மட்டும் முகம் மலர்ந்தது. சபையில் யோசனை சொல்லும் உத்தியோகத்தில் இருந்த ஆவுடையப்பன் மீது அவருக்கு நெடுநாள் கடுப்பு.

"நம் ஆவுடையப்பன் கண்டுபிடிக்காத விஷயம் உண்டா, மகாராஜா?" என்றார்.

"சரி. ஆவுடையப்பா, மூன்று நாள் தருகிறேன். ஆளைக் காட்டவில்லையோ, நாட்டைவிட்டே நடையைக் கட்டு!"

ஆவுடையப்பன் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். காட்டாவிட்டால் நாடுகடத்தல். காட்டினாலோ, ராஜாவின் காலையே காட்ட வேண்டும். அதற்கு நாடுகடத்தலோடு நிற்குமா? வீட்டில் சொன்னதும், அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் சபை நிரம்பி வழிந்தது.

"ஆள் அகப்பட்டானா?" என்றார் ராஜா.

"அகப்பட்டான், மகாராஜா. பெயரைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. அடையாளம் மட்டும் சொல்லட்டுமா?"

"சொல்."

"எந்நேரமும் தங்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருப்பவன்."

சபையில் இரண்டு பேர் பிரதானியைப் பார்த்தார்கள்.

"ஐந்து பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருத்தனாகவே பிடித்துக்கொண்டவன். மற்ற நாலு பேரையும் தலைகாட்டவிடாதவன்."

இருபது பேர் பார்த்தார்கள்.

"பார்வைக்குப் பளபளப்பு. ஆனால் ஏறின இடத்தைவிட்டு ஒரு நாளும் இறங்கினதில்லை. அதனால்தான் ஊரே நாறுகிறது."

மொத்தச் சபையும் திரும்பிவிட்டது. ராஜாவும் திரும்பினார். "திருமலைக்கொழுந்து! நீரா?"

பிரதானிக்கு வேர்த்துக் கொட்டியது. காவலர்கள் வேறு இரண்டடி முன்னால் வந்தார்கள்.

"ஐயோ, நான் இல்லை! நாறுவது மகாராஜாவின் மேஜோடு!" என்று அலறிவிட்டார்.

சபையில் ஈ பறந்தாலும் கேட்டிருக்கும். பறந்த ஈக்களும் ராஜா காலைச் சுற்றித்தான் பறந்துகொண்டிருந்தன. ராஜா மெல்ல ஒரு காலைத் தூக்கி, குனிந்து, முகர்ந்தார். அப்புறம் சிங்காசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆவுடையப்பா," என்றார் ஈனஸ்வரத்தில், "நீ யாரைச் சொன்னாய்?"

"நான் பெயரே சொல்லவில்லையே, மகாராஜா! மேஜோடு என்று சொன்னது பிரதானி. பிரதானி என்று நினைத்தது சபை. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான். இறக்கி, அலசி, காயப்போட வேண்டும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க மூச்சை இழுக்க வேண்டியிருந்ததால் சீக்கிரமே நிறுத்தினார். அன்றே நாலு இலாகாவுக்குப் புது ஆள் வந்தது. மேஜோட்டைக் கழற்றித் துவைக்கும் பொறுப்பு, மிச்சமிருந்த இலாகாவோடு சேர்த்துப் பிரதானிக்கே கிடைத்தது.

"உனக்கு என்ன வேண்டும்? கேள்!" என்றார் ராஜா.

ஆவுடையப்பன் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அந்த ஜன்னலோரத்து ஆசனம் போதும், மகாராஜா. அடுத்த தடவை தங்களுக்கு எது பிடித்துப்போகுமோ, யார் கண்டது?"